ரைட் ஆம்ப்ளிஃபிகேஷன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரைட் ஆம்ப்ளிஃபிகேஷன் என்றால் என்ன?

நீங்கள் எழுதச் சொன்னது எவ்வளவு, சேமிப்புச் சில்லில் நிஜமாகவே எழுதப்பட்டது எவ்வளவு என்ற விகிதம்தான் அது. எஸ்எஸ்டிக்கு, அதாவது சில்லுகளில் தரவைச் சேமிக்கும் டிரைவுக்கு, 1 ஜிபி அனுப்புகிறீர்கள். உள்ளே இருக்கும் நேண்ட் எனும் ஃபிளாஷ் சில்லுகளில் 3 ஜிபி எழுதப்படுகிறது. அப்படியானால் பெருக்கம் 3. இந்த எண்ணை டபிள்யூஏஎஃப் என்று சுருக்கிச் சொல்வார்கள். இந்தப் பக்கத்தில் சுருக்கமாகப் 'பெருக்கம்' என்றே சொல்கிறோம்.

பெருக்கம் ஏறினால் இரண்டு பாதிப்புகள். நேண்ட் குறிப்பிட்ட தடவை அழித்து எழுதினால் தேய்ந்துவிடும் பொருள். ஆகவே ஆயுள் குறைகிறது. கூடுதலாக எழுதும் வேலை உங்கள் வேலையோடு அதே சில்லுகளுக்குப் போட்டியிடுகிறது. ஆகவே வேகமும் குறைகிறது. ஆயுளைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். அன்றாடம் முதலில் கண்ணில் படுவது இரண்டாவதுதான்.

கேட்டதைவிட அதிகமாக எழுத வேண்டிய அவசியம் எங்கிருந்து வருகிறது?

நேண்டில் எழுதும் அலகு வேறு, அழிக்கும் அலகு வேறு. எழுதுவது பேஜ் பேஜாக. ஒரு பேஜ் பெரும்பாலும் 4 முதல் 16 கேபி. அழிப்பதோ பிளாக் பிளாக்காக. ஒரு பிளாக்கில் நூற்றுக்கணக்கான பேஜ்கள். எழுதப்பட்ட பேஜின் மேல், அழிக்காமல் மறுபடி எழுத முடியாது. ஆகவே ஒரு கோப்பில் சிறு மாற்றம் செய்தால், எஸ்எஸ்டியை உள்ளிருந்து இயக்கும் சில்லான கன்ட்ரோலர் புதிய தரவை வேறொரு காலிப் பேஜில் எழுதி, பழைய பேஜைச் 'செல்லாதது' என்று குறித்து வைக்கும். காலிப் பேஜ்கள் தீரும் நிலை வந்தால், ஏதாவது ஒரு பிளாக்கைத் தேர்ந்தெடுத்து, அதில் இன்னும் செல்லுபடியாகும் பேஜ்களை வேறிடத்துக்கு நகர்த்திவிட்டு, அந்தப் பிளாக்கை அழிக்கும். இதுதான் கார்பேஜ் கலெக்ஷன். நகர்த்துவதும் எழுதுவதுதானே, கணக்கு அங்கேதான் ஏறுகிறது.

எண்களோடு பார்த்தால் தெளிவாகும். 16 கேபி பேஜ்கள் 256 கொண்ட ஒரு பிளாக், அதாவது 4 எம்பி. அதில் 192 பேஜ்கள் செல்லுபடி, 64 செல்லாதவை. இந்தப் பிளாக்கை மீட்க 192 பேஜ்களை நகர்த்த வேண்டும். மிஞ்சுவது 64 பேஜுக்கான இடம் மட்டுமே. உங்கள் தரவு 64 பேஜ் எழுதப்பட, மொத்தம் 256 பேஜ் எழுதப்பட்டுவிட்டது. 256-ஐ 64-ஆல் வகுத்தால் பெருக்கம் 4. பிளாக்கில் பாதி செல்லாததாக இருந்திருந்தால் பெருக்கம் 2 தான். 230 பேஜ்கள் செல்லுபடியாக இருந்திருந்தால் கிட்டத்தட்ட 10.

இதில் கவனிக்க வேண்டியது, பெருக்கம் நேர்கோட்டில் ஏறவில்லை என்பது. மீட்கும் பிளாக்கில் செல்லுபடியாகும் பங்கு 50-லிருந்து 75 சதவீதம் ஆனால் பெருக்கம் இரண்டு மடங்கு. 75-லிருந்து 90 ஆனால் இன்னும் இரண்டரை மடங்கு. டிஸ்க் நிரம்பி வழியும்போது எஸ்எஸ்டி திடீரெனத் திணறுவது இதனால்தான்.

அப்படியானால் 75 சதவீதம் நிரம்பிய டிஸ்க்கில் பெருக்கம் எப்போதும் 4 தானா?

இல்லை. கன்ட்ரோலர் சராசரிப் பிளாக்கை எடுப்பதில்லை. செல்லுபடிப் பேஜ்கள் குறைவாக உள்ள பிளாக்கைத் தேடி எடுக்கிறது. உங்கள் எழுத்து வரிசையாக, பெரிய துண்டுகளாக வந்து, பின்னர் மொத்தமாக அழிக்கப்பட்டால், முழுக்கச் செல்லாத பிளாக்குகளே கிடைக்கும். நகர்த்த ஒன்றும் இராது, பெருக்கம் 1-ஐ ஒட்டி நிற்கும். வீடியோ பதிவு அப்படிப்பட்ட வேலை.

எதிர்முனை, டிஸ்க் முழுக்கச் சிதறி விழும் 4 கேபி எழுத்துகள். எல்லாப் பிளாக்கிலும் கொஞ்சம் கொஞ்சம் செல்லாததாகிறது. எதை எடுத்தாலும் சுமைதான்.

இவற்றுக்கு நடுவே, அடிக்கடி மாறும் தரவும் மாறவே மாறாத தரவும் ஒரே பிளாக்கில் கலந்து கிடப்பது இன்னொரு தொல்லை. நடப்பதை வரிவரியாகப் பதிவு செய்யும் லாக் கோப்பின் பேஜ்கள் நிமிடத்துக்கு நிமிடம் செல்லாததாகும். பக்கத்திலேயே கிடக்கும் பழைய புகைப்படத்தை ஒவ்வொரு முறையும் தூக்கிச் சுமக்க வேண்டியிருக்கும். நல்ல கன்ட்ரோலர்கள் இரண்டையும் பிரித்து வைக்கப் பார்க்கின்றன. ஆக, 'இந்த மாடலின் பெருக்கம் இவ்வளவு' என்று யாராவது ஒற்றை எண்ணைச் சொன்னால், எந்த வேலைச்சுமையில் என்று திருப்பிக் கேளுங்கள்.

இந்தச் சொல் எப்போதிலிருந்து புழக்கத்தில் இருக்கிறது?

2008-ஐ ஒட்டி இன்டெல், சிலிக்கான்சிஸ்டம்ஸ் ஆகிய நிறுவனங்களின் ஆவணங்களில் வரத் தொடங்கியது. பின்னர் டேட்டாபேஸ் ஆட்களும் இதை எடுத்துக்கொண்டார்கள்.

ஒரே சொல்லை எஸ்எஸ்டிக்காரர்களும் டேட்டாபேஸ்காரர்களும் வேறு வேறு எண்களோடு சொல்கிறார்களே, எது சரி?

இரண்டும் சரி. அளக்கும் இடம்தான் வேறு. தரவு நிரலிலிருந்து நேண்ட் வரை போகும் வழியில் பல அடுக்குகள்: டேட்டாபேஸ், கோப்புகளை டிஸ்க்கில் அடுக்கி வைக்கும் ஃபைல் சிஸ்டம், பல டிஸ்க்குகளை ஒன்றாக இணைக்கும் ரெய்டு இருந்தால் அது, கடைசியில் எஸ்எஸ்டி கன்ட்ரோலர். ஒவ்வொரு அடுக்கும் தனக்கு வந்ததைவிடக் கூடுதலாகக் கீழே அனுப்புகிறது. டேட்டாபேஸ்காரர் சொல்வது முதல் அடுக்கின் விகிதம். எஸ்எஸ்டிக்காரர் சொல்வது கடைசி அடுக்கின் விகிதம். எந்த அடுக்கிலிருந்து எந்த அடுக்கு வரை என்று சொல்லாமல் 'பெருக்கம் 5' என்றால் அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை.

முக்கியமானது, இந்த விகிதங்கள் கூட்டப்படுவதில்லை, பெருக்கப்படுகின்றன. டேட்டாபேஸில் 8, ஃபைல் சிஸ்டத்தில் 1.2, எஸ்எஸ்டியில் 3 என்றால் மொத்தம் 28.8. நாளொன்றுக்கு 100 ஜிபி எழுதுவதாக நினைத்துக்கொண்டிருக்கும் நிரல், நேண்டில் 2.88 டிபி எழுதுகிறது. 1,000 தடவை அழித்து எழுதத் தாங்கும் 1 டிபி எஸ்எஸ்டி அந்தச் சுமையில் 347 நாளில் தன் கணக்கை முடித்துக்கொள்ளும். எந்த அடுக்கில் பாதியாகக் குறைத்தாலும் ஆயுள் இரட்டிப்பாகும். எஸ்எஸ்டியை மாற்றுவதைவிட டேட்டாபேஸில் ஓர் அமைப்பைத் திருத்துவது சுலபம் என்றால் அங்கே கை வையுங்கள்.

பெருக்கம் 1-க்குக் கீழே போக முடியுமா?

முடியும். கன்ட்ரோலர் எழுதுவதற்கு முன்பே தரவைச் சுருக்கினால் போகும். சாண்ட்ஃபோர்ஸ் கன்ட்ரோலர்கள் இப்படித்தான் 0.5 என்று விளம்பரப்படுத்தின. ஏற்கெனவே சுருக்கப்பட்ட வீடியோ, ஜேபெக், குறியாக்கம் செய்த தரவு ஆகியவற்றில் அந்த வித்தை பலிக்காது. இப்போதைய சாதாரண எஸ்எஸ்டிகளில் 1-க்குக் கீழே எண் வந்தால், முதலில் உங்கள் அலகு மாற்றத்தைச் சரிபாருங்கள்.

வீட்டுக் கணினிக்கு இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். கணக்குப் போட்டுப் பார்க்கலாம்: கொள்ளளவை அழித்து எழுதும் சுழற்சி எண்ணிக்கையால் பெருக்கி, பெருக்கத்தால் வகுக்க வேண்டும். 1 டிபி, 1,000 சுழற்சி, பெருக்கம் 5 என்று மோசமாகவே வைத்தாலும் 200 டிபி எழுதலாம். நாளுக்கு 50 ஜிபி எழுதுகிறவருக்கு அது 4,000 நாள், ஏறக்குறைய 11 ஆண்டு. அதற்குள் கணினியையே மாற்றியிருப்பீர்கள். இந்தக் கவலையில் பிரௌசர் கேஷை ரேமுக்கு மாற்றுவது, ஸ்வாப்பை (ரேம் போதாதபோது டிஸ்க்கில் பயன்படும் இடம்) நிறுத்துவது எல்லாம் வீண் வேலை. ஸ்வாப்பை நிறுத்தினால் நினைவகம் தீரும்போது நிரல்கள்தான் சாகும்.

ஒரு நிரல் தறிகெட்டு எழுதினால் மட்டும் கதை மாறும். 2016-ல் ஸ்பாட்டிஃபையின் டெஸ்க்டாப் செயலி அப்படிச் செய்தது தெரியவந்தது: தன் எஸ்க்யூலைட் டேட்டாபேஸ் கோப்பை அடிக்கடி 'வேக்யூம்' செய்துகொண்டிருந்தது. வேக்யூம் என்பது கோப்பு முழுவதையும் புதிதாக எழுதும் வேலை. பயனர் பாட்டு கேட்காதபோதும் டிஸ்க்கில் ஜிபி கணக்கில் எழுத்து ஓடியது.

சர்வர், கண்காணிப்புக் கேமரா, எஸ்டி கார்டில் ஓடும் சிறு போர்டுகள், டேட்டாபேஸ் வைத்திருப்பவர்களுக்குத்தான் கீழே உள்ள பதில்கள் அவசியம்.

என் எஸ்எஸ்டியின் பெருக்கத்தை எப்படி அளப்பது?

இரண்டு எண்கள் வேண்டும்: ஹோஸ்ட், அதாவது கணினி, எழுதியது ஒன்று; நேண்டில் எழுதப்பட்டது மற்றொன்று. ஸ்மார்ட்சிடிஎல் கருவியில், டிரைவ் தன் நிலையைப் பற்றி வைத்திருக்கும் ஸ்மார்ட் அட்டவணையை எடுத்துப் பாருங்கள். ஹோஸ்ட் எழுத்து பொதுவாக 241-ஆம் எண்ணில் வரும். நேண்ட் எழுத்துக்கு எல்லோருக்கும் பொதுவான எண் கிடையாது. தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். மைக்ரான், குரூஷியல் நிறுவனங்களின் சாட்டா இணைப்பு எஸ்எஸ்டிகளில் 247 என்பது ஹோஸ்டுக்காக எழுதிய பேஜ்கள், 248 என்பது கன்ட்ரோலர் தன் சொந்த வேலைக்காக எழுதிய பேஜ்கள். இரண்டையும் கூட்டி 247-ஆல் வகுத்தால் விடை.

அளக்கும் முறை இது. இன்று இரண்டு எண்களையும் குறித்துக்கொள்ளுங்கள். வழக்கமான வேலை ஒரு வாரம் ஓடட்டும். மறுபடி குறியுங்கள். வித்தியாசங்களை மட்டும் வைத்துக் கணக்கிடுங்கள். 247 இருபது லட்சம் கூடியிருக்கிறது, 248 பதினான்கு லட்சம் கூடியிருக்கிறது என்றால் பெருக்கம் 1.7.

வாங்கிய நாளிலிருந்து சேர்ந்த மொத்த எண்ணை வைத்துக் கணக்கிடுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. முதல் நாள் முழு டிஸ்க்கையும் வரிசையாக நிரப்பியது, நடுவில் எப்போதோ நடந்த இடமாற்றம் எல்லாம் அதில் கலந்திருக்கும். இன்றைய வேலைச்சுமை அதில் தெரியாது.

என்விஎம்இ எஸ்எஸ்டியில் நேண்ட் எழுத்து எண்ணே காணோமே?

எஸ்எஸ்டி கணினியோடு பேசும் தரங்களில் ஒன்றான என்விஎம்இயின் பொது ஸ்மார்ட் பக்கத்தில் அது இல்லை. 'டேட்டா யூனிட்ஸ் ரிட்டன்' மட்டுமே உண்டு. அது ஹோஸ்ட் எழுத்து. ஓர் அலகு 512 பைட்டின் ஆயிரம் மடங்கு, அதாவது 5,12,000 பைட். 4,00,000 அலகு கூடியிருந்தால் 204.8 ஜிபி எழுதியிருக்கிறீர்கள். டேட்டா சென்டர் வகை டிரைவ்களில் ஓப்பன் கம்ப்யூட் புராஜெக்ட் (ஓசிபி) விவரக்குறிப்பின்படி தனி லாக் பக்கம் ஒன்று இருக்கும்; அதில் 'பிசிகல் மீடியா யூனிட்ஸ் ரிட்டன்' கிடைக்கும். என்விஎம்இ-சிஎல்ஐ கருவியில் ஓசிபி செருகுநிரலால் அதைப் படிக்கலாம்.

சாதாரண டிரைவ் என்றால் சுற்றுவழி ஒன்று உண்டு. 'பர்சன்டேஜ் யூஸ்டு' மதிப்பைப் பாருங்கள். தயாரிப்பாளர் 600 டிபி எழுதலாம் என்று உத்தரவாதம் தந்திருக்கிறார், நீங்கள் 60 டிபி எழுதியிருக்கிறீர்கள் என்றால் அது 10 காட்ட வேண்டும். 20 காட்டினால், தயாரிப்பாளர் மனதில் வைத்திருந்த பெருக்கத்தைவிட உங்களுடையது தோராயமாக இரண்டு மடங்கு. தோராயம்தான், அந்த மதிப்பைக் கணக்கிடும் முறை நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். அது 100-ஐத் தாண்டியும் ஏறக்கூடிய எண். 100 வந்த அன்றே டிரைவ் செத்துவிடாது. ஆனால் மாற்று டிரைவ் கையில் இருக்க வேண்டிய நேரம் அது.

பெருக்கம் அதிகமாக இருக்கிறது. முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

டிரிம் வேலை செய்கிறதா என்று. கோப்பை அழித்தால் ஃபைல் சிஸ்டம் தன் பட்டியலில்தான் அடிக்கிறது. எஸ்எஸ்டிக்கு அது தெரியாது. அழித்துவிட்ட கோப்பின் பேஜ்களையும் செல்லுபடி என்று நம்பி, கார்பேஜ் கலெக்ஷனில் சுமந்துகொண்டே இருக்கும். 'இவை இனி வேண்டாம்' என்று சொல்லும் கட்டளைதான் டிரிம். ஸ்கஸியில் அதன் பெயர் அன்மேப், என்விஎம்இயில் டீஅலோகேட்.

லினக்ஸில் எல்எஸ்பிஎல்கே கட்டளையை டிஸ்கார்ட் விருப்பத்தோடு ஓட்டுங்கள். டிஸ்க்-கிரான், டிஸ்க்-மேக்ஸ் என்ற பத்திகளில் 0 இருந்தால் அந்தச் சாதனத்துக்கு டிரிம் போகவில்லை. எண் இருந்தால், டிரிம் அனுப்பும் எஃப்எஸ்டிரிம் டைமர் இயங்குகிறதா பாருங்கள். அது வாரம் ஒருமுறை ஓடும். கையால் எஃப்எஸ்டிரிம் ஓட்டினால் எத்தனை பைட் டிரிம் ஆனது என்று காட்டும். இஎக்ஸ்டி4 எனும் லினக்ஸ் ஃபைல் சிஸ்டத்தில் உடனே இரண்டாவது முறை ஓட்டினால் 0 அல்லது மிகச் சிறிய எண் வரும்; ஏற்கெனவே டிரிம் செய்த பகுதிகளை அது நினைவில் வைத்திருக்கிறது, பழுது இல்லை.

விண்டோஸில் நிர்வாகி உரிமையோடு திறந்த கட்டளைச் சாளரத்தில் எஃப்எஸ்யூடில் வழியாக 'டிஸேபிள்-டிலீட்-நோட்டிஃபை' மதிப்பைக் கேளுங்கள். 0 என்றால் டிரிம் இயங்குகிறது. பெயரிலேயே 'டிஸேபிள்' இருப்பதால் பலர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு, 1 ஆக்கி, இருந்ததையும் கெடுத்துக்கொள்கிறார்கள்.

இரண்டு பக்கமும் சரியாக இருந்தும் டிரிம் போகவில்லை என்றால் நடுவில் ஓர் அடுக்கு மறிக்கிறது. வழக்கமாக மாட்டுபவை: யுஎஸ்பி உறையில் உள்ள பிரிட்ஜ் சில்லு, ஹார்டுவேர் ரெய்டு கார்டு, மெய்நிகர் இயந்திரத்தின் டிஸ்க் அமைப்பில் டிஸ்கார்ட் முடக்கத்தில் இருப்பது, லினக்ஸின் டிஎம்-கிரிப்ட் குறியாக்க அடுக்கு. கடைசியில் சொன்னது இயல்பாகவே டிரிமைக் கீழே விடாது. விட்டால் டிஸ்க்கில் எந்தப் பகுதி காலி என்பது வெளியாருக்குத் தெரிந்துவிடும் என்பதே காரணம். பெரும்பாலான மடிக்கணினிகளுக்கு அந்தக் கசிவு பொருட்டல்ல, திறந்துவிடலாம். யாரிடமிருந்து எதை மறைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து நீங்களே முடிவு செய்யுங்கள்.

ஓவர்ப்ரொவிஷனிங் எவ்வளவு வைப்பது?

பயனருக்குக் காட்டாமல் கன்ட்ரோலர் தன்னிடம் வைத்துக்கொள்ளும் காலியிடம் அது. எந்த எஸ்எஸ்டியிலும் ஓரளவு இருக்கும். சில்லுகள் இருமக் கணக்கில் வருகின்றன, விற்பது தசமக் கணக்கில். 1,07,37,41,824-க்கும் 100 கோடிக்கும் உள்ள வித்தியாசமே 7.37 சதவீதம்.

டிரிம் ஒழுங்காக இயங்கினால் ஃபைல் சிஸ்டத்தில் காலியாக விட்ட இடமும் கன்ட்ரோலருக்கு அதே உதவியைச் செய்கிறது. சாதாரணப் பயனுக்கு 15 சதவீதம் காலியாக விட்டாலே போதும். தனியாகப் பார்ட்டிஷன் (டிஸ்க்கைப் பிரித்து வைக்கும் பகுதி) கணக்கெல்லாம் வேண்டியதில்லை. நாள் முழுக்கச் சிதறிய எழுத்து நடக்கும் டேட்டாபேஸ் சர்வர் என்றால் 20 சதவீதத்தைப் பார்ட்டிஷனே போடாமல் விடுங்கள். அப்போதுதான் யாரும் தெரியாமல் நிரப்பிவிட மாட்டார்கள்.

ஏற்கெனவே பயன்படுத்திய டிரைவில் பார்ட்டிஷனைச் சுருக்கினால் மட்டும் போதாது. சுருக்கிய பகுதியில் முன்பு இருந்த தரவைக் கன்ட்ரோலர் இன்னும் செல்லுபடி என்றே நினைத்துக்கொண்டிருக்கும். அந்தப் பகுதியை பிஎல்கே-டிஸ்கார்டு கட்டளையால் விடுவியுங்கள், அல்லது முதலில் முழு டிரைவையும் செக்யூர் இரேஸ் செய்துவிட்டுப் பார்ட்டிஷன் போடுங்கள். பிஎல்கே-டிஸ்கார்டுக்குத் தொடக்க இடமும் நீளமும் கொடுக்க மறந்தால் டிஸ்க் முழுவதும் போய்விடும். கட்டளையை அடித்துவிட்டு, என்டர் தட்டும் முன் ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள்.

பார்ட்டிஷன் தொடங்கும் இடம் இன்னும் முக்கியமா?

புதிதாகப் போடும் பார்ட்டிஷன்களில் இல்லை. விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்து 1 எம்பி எல்லையில், அதாவது 512 பைட் அலகான செக்டர்களில் 2048-ஆம் செக்டரில், தொடங்குவது வழக்கமாகிவிட்டது. பழைய டிஸ்க்கை அப்படியே எஸ்எஸ்டிக்குக் குளோன் செய்தவர்கள் மட்டும் பாருங்கள். தொடக்கச் செக்டர் 63 என்றிருந்தால் ஒவ்வொரு 4 கேபி எழுத்தும் உள்ளே இரண்டு அலகுகளின் எல்லையைத் தாண்டி விழும். இரண்டையும் படித்து, திருத்தி, எழுத வேண்டிவரும்.

ஒரு லாக் வரி எழுதுவதில் என்ன பெரிய சுமை?

100 பைட் வரி ஒன்றை எழுதி, உடனே எஃப்சிங்க் செய்கிறது, அதாவது தாமதிக்காமல் டிஸ்க்கில் எழுதச் சொல்கிறது, ஒரு நிரல். இஎக்ஸ்டி4-ல் என்ன நடக்கிறது? தரவுப் பிளாக் (இது ஃபைல் சிஸ்டத்தின் பிளாக், நேண்டின் பிளாக் அல்ல) 4 கேபி. மாற்றங்களை முதலில் குறித்துவைக்கும் ஜர்னலில் விவரிப்புப் பிளாக் 4 கேபி, கோப்பின் விவரங்களைக் கொண்ட ஐநோடு இருக்கும் பிளாக்கின் நகல் 4 கேபி, கமிட் பிளாக் 4 கேபி. ஆகக் குறைந்தது 16 கேபி. 160 மடங்குக்கும் மேல். ஜர்னலில் போன ஐநோடு பிறகு தன் சொந்த இடத்திலும் எழுதப்படும். எஸ்எஸ்டி தன் பங்கைச் சேர்ப்பதற்கு முன்பே இவ்வளவு.

மருந்து, வரிகளைச் சேர்த்து எழுதுவது. நூறு வரிக்கு ஒரு எஃப்சிங்க் என்றால் சுமை சுமார் அறுபதில் ஒரு பங்காகிவிடும். இஎக்ஸ்டி4-ன் கமிட் இடைவெளியை இயல்பான 5 நொடியிலிருந்து 60 ஆக்கச் சொல்லும் அறிவுரையை அடிக்கடி பார்க்கலாம். எஃப்சிங்க் கேட்கும் நிரலிடம் அது பலிக்காது; எஃப்சிங்க் அந்த இடைவெளிக்காகக் காத்திருப்பதில்லை. எஃப்சிங்க் கேட்காத நிரல்களுக்கு உதவும், ஆனால் மின்சாரம் போனால் ஒரு நிமிடத் தரவு போகும்.

லினக்ஸின் லாக் சேவையான சிஸ்டம்டி ஜர்னலை 'வோலட்டைல்' ஆக்கினால் லாக்கெல்லாம் ரேமிலேயே நிற்கும். எஸ்டி கார்டு பிழைக்கும், ஆனால் இயந்திரம் ஏன் விழுந்தது என்று மறுநாள் பார்க்க லாக் இருக்காது. முக்கியமான லாக்கை வேறொரு இயந்திரத்துக்கு அனுப்பிவிட்டு இதைச் செய்வதே சரி.

கோப்பைப் படித்த நேரத்தைப் பதிவு செய்வதை நிறுத்தும் நோ-ஏடைம் இப்போது பெரிய லாபம் தராது. அந்தப் பதிவை எப்போதாவது மட்டும் செய்யும் ரெல்-ஏடைம் 2009-லிருந்தே லினக்ஸில் இயல்பாக இருக்கிறது.

டேட்டாபேஸில் பெருக்கம் எப்படி வருகிறது?

தரவைப் பக்கம் பக்கமாக அடுக்கி வைக்கும் பி-ட்ரீ வகையில் ஒரு வரிசையை மாற்றினால் அது இருக்கும் பக்கம் முழுவதும் எழுதப்படும். மைஎஸ்க்யூஎல் இன்னோடிபியில் பக்கம் 16 கேபி. எழுதும் நடுவில் மின்சாரம் போய்ப் பக்கம் பாதியில் கிழிந்துவிடக் கூடாது என்பதற்காக டபுள்ரைட் பகுதியில் ஒருமுறை, சொந்த இடத்தில் ஒருமுறை என இரண்டு தடவை எழுதும். 100 பைட் வரிசைக்கு 32 கேபி. 300 மடங்கைத் தாண்டுகிறது. மாற்றங்களைப் பதிவு செய்யும் ரீடூ லாக், பின்லாக் தனி. நடைமுறையில் இவ்வளவு மோசமாகாததற்குக் காரணம், பக்கங்களை ரேமில் வைத்திருக்கும் பஃபர் பூல்: ஒரே பக்கத்தில் பல மாற்றங்கள் சேர்ந்தபின் ஒரே தடவை கீழே போகும். எனவே பஃபர் பூலைப் பெரிதாக்குவது எழுத்தையும் குறைக்கும். முதன்மைச் சாவியாகத் தாறுமாறான யுயுஐடி (வரிசையில்லாத அடையாள எண்) வைத்தால் ஒவ்வொரு செருகலும் வெவ்வேறு பக்கத்தில் விழுந்து இந்த லாபம் கரைந்துபோகும்.

போஸ்ட்கிரேஎஸ்க்யூஎல்லில் பக்கம் 8 கேபி. அங்கே ஒவ்வொரு செக்பாயின்டுக்கும் (மாறிய பக்கங்களையெல்லாம் டிஸ்க்கில் எழுதி முடிக்கும் கட்டம்) பிறகு ஒரு பக்கம் முதன்முறை மாறும்போது முழுப் பக்கமும் 'வால்' எனும் முன்பதிவு லாக்கில் எழுதப்படும். செக்பாயின்ட் அடிக்கடி நடந்தால் இந்த முழுப்பக்க எழுத்தும் அடிக்கடி. செக்பாயின்ட் இடைவெளியையும் வாலின் உச்ச அளவையும் கூட்டினால் வால் அளவு சட்டென்று இறங்குவது தெரியும். விலை, விழுந்தால் மீண்டெழ ஆகும் நேரம் கூடுவது.

மாற்றங்களைச் சேர்த்துப் புதிய கோப்புகளாக எழுதும், ராக்ஸ்டிபி போன்ற எல்எஸ்எம் வகையில் எழுத்து வரிசையாகப் போகும்; எஸ்எஸ்டி அடுக்கின் பெருக்கம் குறையும். ஆனால் அந்தக் கோப்புகளை ஒன்றிணைக்கும் கம்பாக்ஷனில் அதே தரவு படிப்படியாகக் கீழே இறங்கும்போது மறுபடி மறுபடி எழுதப்படும். அடுத்தடுத்த படிகள் பத்து மடங்கு பெரியவை என்றால், ஒரு படி இறங்க மோசமான நிலையில் பத்து தடவை வரை எழுத்து. மொத்தம் 10-ஐத் தாண்டுவது சகஜம். இப்படிப் படிப்படியாக இறக்கும் லெவல்டு கம்பாக்ஷனுக்குப் பதில் யுனிவர்சல் என்ற வகையை வைத்தால் எழுத்து குறையும், இடமும் படிக்கும் சுமையும் கூடும். பெரிய மதிப்புகளைச் சேமிப்பவர்கள் சாவியையும் மதிப்பையும் பிரித்து வைக்கும் பிளாப்டிபி வசதியைப் பாருங்கள். கம்பாக்ஷனில் சாவிகள் மட்டும் நகரும்.

எஸ்டி கார்டும் இஎம்எம்சியும் ஏன் சீக்கிரம் போகின்றன?

இஎம்எம்சி என்பது போர்டிலேயே பொருத்தப்பட்ட சிறு சேமிப்புச் சில்லு. இரண்டின் உள்ளேயும் இருப்பது அதே நேண்ட், ஆனால் அளவு சிறியது, கன்ட்ரோலர் எளியது. தேய்மானத்தைப் பகிர இடமே குறைவு. இதற்குப் பேர்போன உதாரணம் டெஸ்லா. மாடல் எஸ், மாடல் எக்ஸ் பழைய கார்களின் திரைக் கணினியில் 8 ஜிபி இஎம்எம்சி இருந்தது. ஒரு பிளாக்குக்கு 3,000 சுழற்சி தாங்கும். நாளுக்குச் சராசரி 1.4 சுழற்சி ஓடியது. 5 முதல் 6 ஆண்டில் தீர்ந்துவிடும் கணக்கு. அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் தலையிட, 2021-ல் ஏறக்குறைய 1,35,000 கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. நாளுக்கு 1.4 சுழற்சி என்பது 8 ஜிபியில் வெறும் 11 ஜிபி எழுத்துதான். அதே சுமை 256 ஜிபியில் விழுந்திருந்தால் யாரும் கவனித்தே இருக்க மாட்டார்கள்.

ஆகவே சிறு போர்டுகளுக்கு வேண்டியதைவிட நாலு மடங்கு பெரிய கார்டு வாங்குவது வீண் செலவு அல்ல. எழுத்தைத் தாங்கும் வகை என்று குறிப்பிட்டு விற்கும் கார்டு கிடைத்தால் இன்னும் நல்லது.

புது டிரைவில் அளந்தபோது நன்றாக இருந்தது, மாதம் கழிந்து மோசமாகிவிட்டதே?

புது டிரைவில் எல்லாப் பிளாக்கும் காலி. கார்பேஜ் கலெக்ஷனுக்கு வேலையே இல்லை. நிலைத்த நிலைக்கு வந்தபின் அளப்பதே உண்மையான அளவு. அதற்காகத்தான் சேமிப்புத் துறை அமைப்பான எஸ்என்ஐஏவின் சோதனை முறை, அளக்கத் தொடங்கும் முன் டிரைவின் கொள்ளளவைப் போல இருமடங்கு எழுதச் சொல்கிறது.

இன்னொரு காரணம் எஸ்எல்சி கேஷ். செல்லுக்கு மூன்று பிட் வைக்கும் டிஎல்சி, நான்கு வைக்கும் க்யூஎல்சி டிரைவ்கள் வரும் தரவை முதலில் செல்லுக்கு ஒரு பிட் என்று வேகமாக எழுதிவிட்டு, ஓய்வில் அதை மூன்று, நான்கு பிட்டாக மடித்து மறுபடி எழுதும். ஒரே தரவு இரண்டு தடவை எழுதப்படுகிறது. டிரைவ் நிரம்ப நிரம்ப இந்தக் கேஷும் சுருங்கும்.

பெரிய க்யூஎல்சி டிரைவில் 4 கேபி எழுத்து ஏன் இவ்வளவு மோசம்?

உள்ளே எந்தத் தரவு எங்கே என்று வைத்திருக்கும் வரைபடத்தின் அலகைப் பாருங்கள். வழக்கமாக அது 4 கேபி. கொள்ளளவு பெரிதாகப் பெரிதாக அந்த வரைபடத்துக்கு வேண்டிய டிராம் நினைவகம் அதிகமாவதால், சில டேட்டா சென்டர் டிரைவ்களில் 16 அல்லது 64 கேபி ஆக்கிவிட்டார்கள். 64 கேபி அலகில் 4 கேபி மட்டும் மாறினாலும் 64 கேபியும் எழுதப்படும். கார்பேஜ் கலெக்ஷன் தொடங்கும் முன்பே பெருக்கம் 16. அப்படிப்பட்ட டிரைவுக்குக் காப்புப்பிரதி, வீடியோ, பெரிய பொருள்களின் கிடங்கு போன்ற வேலைகளைக் கொடுங்கள். டேட்டாபேஸைக் கொண்டுபோய் அதில் வைத்துவிட்டு டிரைவைத் திட்டாதீர்கள்.

டீஃபிராக் செய்தால் குறையுமா?

கூடும். டீஃபிராக் என்பது சிதறிய கோப்புத் துண்டுகளை ஒன்றாக அடுக்கி எழுதுவது. எஸ்எஸ்டியில் அதைச் செய்வது, கேட்காத எழுத்தை நீங்களே சேர்ப்பது. விண்டோஸின் 'ஆப்டிமைஸ்' எஸ்எஸ்டி என்று அறிந்தால் முக்கியமாக டிரிம் அனுப்புகிறது. அதை நிறுத்த வேண்டாம்.

வன்தட்டுக்கும் ரெய்டுக்கும் இந்தச் சொல் பொருந்துமா?

பொருந்தும். ரெய்டு 5-ல் சிறு எழுத்து ஒன்றுக்குப் பழைய தரவையும் பழைய பாரிட்டியையும் (இழந்ததை மீட்க உதவும் கூடுதல் தரவு) படித்து, புதிய இரண்டையும் எழுத வேண்டும், எழுத்து இருமடங்கு. தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும் எஸ்எம்ஆர் வன்தட்டில் நடுவில் சிறு மாற்றம் செய்தாலும், பல எம்பி கொண்ட பட்டை முழுவதையும் திரும்ப எழுத நேரும். வன்தட்டு தேயாது, ஆனால் வேகம் படுத்துவிடும். ரெய்டை மறுகட்டமைக்கும்போது எஸ்எம்ஆர் தட்டு நாள் கணக்கில் இழுப்பதற்குக் காரணம் இதுவே.

ஹோஸ்டே இதைக் கட்டுப்படுத்த வழி உண்டா?

உண்டு, இரண்டு பாதைகள். 2020-ல் என்விஎம்இயில் வந்த இசட்என்எஸ் முறையில் டிரைவ் மண்டலங்களாகப் பிரிந்திருக்கும். ஒவ்வொன்றிலும் வரிசையாக மட்டுமே எழுத முடியும், அழிப்பதும் மண்டலமாகவே. கன்ட்ரோலரின் கார்பேஜ் கலெக்ஷன் வேலை அநேகமாக இல்லாமல் போகும், ஆனால் அந்த வேலையை உங்கள் மென்பொருள் ஏற்க வேண்டும். 2022-ல் ஏற்கப்பட்ட எஃப்டிபி இதைவிட இலகு: எழுதும்போதே 'இது இந்த வகைத் தரவு' என்று ஹோஸ்ட் ஓர் அடையாளம் சேர்த்து அனுப்பும், ஒரே ஆயுள் கொண்ட தரவை டிரைவ் ஒன்றாக வைக்கும். அடையாளம் தராத பழைய மென்பொருளும் அதே டிரைவில் வழக்கம்போல் ஓடும். இருக்கும் மென்பொருளைத் திருத்தி எழுத ஆளில்லாத இடத்தில் எஃப்டிபிதான் நடைமுறைக்கு ஒத்துவரும்; அதற்கும் டிரைவ், கெர்னல், நிரல் மூன்றும் ஆதரிக்கின்றனவா என்று வாங்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.